நாற்பத்திரண்டு இன்ச் வயிறு

கன்டெய்னர் லாரி காதோரம் வந்து ஹாரன் அடித்தாலும் வல்லரசு புரண்டு படுக்கமாட்டான். தண்டையார்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த தூக்கம் அது. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் அவனுக்கு நைட் டூட்டி. காலை எட்டு மணிக்கு வீடு வந்து, ஆறு இட்லியை உள்ளே தள்ளிவிட்டுப் பாயில் விழுந்தால், எமனே வந்தாலும் சாயங்காலம் வரை வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்பேர்ப்பட்டவனை ஒரு தையல் மெஷின் எழுப்பி உட்கார வைத்துவிட்டது.

"இன்னாமே இது? தல மாட்டுல ரயில் ஓடுது?"

"பக்கத்தூட்டு சாபிரா அக்காவோட மெஷின்யா. துணி தைக்கிறேன்."

"ஒனக்குத் தைக்கத் தெரியுமா?"

"தெரிஞ்சா எதுக்குக் கத்துகினு கீறேன்?"

கார்குழலிக்கு ஆறாவது மாசம். டோல்கேட் பக்கத்தில் ஒரு நர்சரி ஸ்கூலில் டீச்சர். லீவு முடிந்து அடுத்த திங்கட்கிழமை ஸ்கூல் திறக்கிறது. பழைய சுடிதார் எதுவும் வயிற்றைத் தாண்டி இறங்கவில்லை. புடவை கட்டலாம் என்றால், எல்.கே.ஜி. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் முந்தானையைப் பிடித்து இழுக்கும். எம்.சி. ரோட்டில் பத்துக் கடை ஏறி இறங்கினாள். கர்ப்பிணிகளுக்கு என்று எடுத்துக் காட்டியதெல்லாம் கல்யாணப் பந்தலுக்குக் கை வைத்த மாதிரி இருந்தது. ஒரு பித்தான்கூடத் தைத்தறியாத கார்குழலி அன்றைக்கே முடிவெடுத்தாள். ஸ்கூல் திறப்பதற்குள் மூன்று டாப்ஸ், தன் கையாலேயே.

போன் வீடியோவில் ஒரு அம்மா "ரொம்ப ஈசி" என்று பாடம் நடத்தினார். முதல் டாப்ஸில் தலை நுழைய வழியில்லை. அடுத்ததற்கு இரண்டு கையும் ஒரே பக்கம். மூன்றாவதைத் தைத்து முடித்த சந்தோஷத்தில் எழுந்தாள். மெஷினும் கூடவே எழப் பார்த்தது. உடுத்தியிருந்த நைட்டியையும் சேர்த்து அடித்திருந்தாள்.

நாலு பகல் தூக்கம் போனது. வல்லரசு யார்டில் நின்றபடியே தூங்கி, ஒரு கன்டெய்னருக்கு வணக்கம் வைத்தான். கூட வேலை பார்க்கும் டில்லிபாபு பரிதாபப்பட்டு யோசனை சொன்னான்.

"மாமு, மெஷினுக்கு அடியில பாபின் கேஸுன்னு ஒண்ணு கீது. குட்டியூண்டு இரும்புக் கூடு. அத்தக் கயட்டிகினு வந்துடு. மெஷின் படுத்துக்கும். அண்ணியும் பேஜாராயி படுத்துக்கும். நீயும் படுத்துக்கலாம்."

பெயர் வல்லரசு என்றாலும் வீட்டில் ஆட்சி அவனுடையதில்லை. இருந்தாலும் துணிந்தான். அன்று சாயங்காலம் கார்குழலி குளிக்கப் போன நேரத்தில் பாபின் கேஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். யார்டு லாக்கரில் வைத்துப் பூட்டினான்.

மறுநாள் வீடு வந்தான். அமைதி. ஆனந்தம். இட்லி. பாய். கண்ணை மூடினான்.

"யோவ், எந்திரி."

"இன்னா?"

"மெஷின் ரிப்பேராயிடுச்சு. கையாலதான் தைக்கணும். கொஞ்சம் நில்லு."

"நீ தைக்கிறதுக்கு நான் எதுக்கு நிக்கணும்?"

"என் ஒடம்புல நானே எப்டிய்யா ஊசி குத்திப் பாக்குறது? அளவு பாக்க ஆள் வோணும்."

டேப்பை எடுத்துத் தன் வயிற்றைச் சுற்றி அளந்தாள். அதே டேப்பை அவன் தொப்பையைச் சுற்றி அளந்தாள். இரண்டும் நாற்பத்திரண்டு.

"பாத்தியா, நம்ம ரெண்டு பேருக்கும் இன்னா பொருத்தம்!"

"எனுக்கு ஆறு மாசம் இல்லமே!"

"ஆறு வருசமா கீதுய்யா. கையத் தூக்கு."

பூப் போட்ட நீலத் துணியை அவன்மேல் போர்த்தி, குண்டூசியால் குத்திக்கொண்டே வந்தாள். மூச்சு விட்டால் ஊசி குத்தியது. விடாவிட்டால் அவள் திட்டினாள். "தொப்பய உள்ள இய்க்காத! அளவு மாறுது!" வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தி அவன் தொப்பையை வெளியே விடச் சொல்கிறாள் என்று அவனால் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. பக்கவாட்டைப் பிரிப்பாள், ஒட்டுவாள், மறுபடி பிரிப்பாள். நின்றது மூன்று மணி நேரம். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

மெஷின் ஓடியபோதாவது படுத்துக்கொண்டு விழித்திருந்தான். இப்போது நின்றுகொண்டு விழிக்கிறான். சனிக்கிழமை காலை தாங்க முடியாமல், பாபின் கேஸை லாக்கரிலிருந்து எடுத்து, காலி டிபன் பாக்ஸில் போட்டுக் கொண்டுவந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் குனிந்து தேடுவது போலத் தேடினான்.

"குழலி! இத்தப் பாரு! பீரோவுக்கு அடில கெடந்துச்சு!"

கார்குழலி வாங்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள்.

"பீரோவுக்கு அடில தயிர்சோறு கூடவா கீது?"

பாபின் கேஸில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் டிபன் பாக்ஸை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். அவள் உள்ளே போய், இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தாள். நீல டாப்ஸ். தோள் பிசகவில்லை. வயிற்றின்மேல் மடிப்பு மடிப்பாய் அழகாக இறங்கியிருந்தது. கண்ணாடி முன்னால் இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள். லீவு விடுவதற்கு முந்தின வாரம் முழுக்க, பழைய சுடிதாரில் பிரிந்த தையலைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வகுப்பில் நின்றதை அப்போதுதான் சொன்னாள்.

"சோக்கா கீது குழலி. ஆமா, மெஷின் இல்லாம எப்டி?"

"காணாப் போன அன்னிக்கே சாபிரா அக்கா வேற பாபின் கேஸ் குட்த்துட்டாங்க. நீ டூட்டிக்குப் போன பின்னால சாயங்காலத்துல ஓட்டினேன். மூணும் ரெடி."

"அப்ப எதுக்குமே என்னிய மூணு நாளு நிக்க வச்ச?"

"வெட்டுனது எல்லாம் கோணலாவே வந்துச்சு. அளவு பாக்க இந்த மாதிரி வயிறு வேற எங்க கெடைக்கும்? நேரா கேட்டா நீ நின்னிருப்பியா?"

நின்றிருக்க மாட்டான்தான்.

திங்கட்கிழமை காலை கார்குழலி நீல டாப்ஸில் ஸ்கூலுக்குக் கிளம்பினாள். மெஷின் மூடிக் கிடந்தது. வல்லரசு பாயை விரித்தான். கதவு தட்டப்பட்டது. சாபிரா அக்கா, கையில் பச்சைத் துணியும் டேப்பும் ஒரு தலையணையுமாக நின்றிருந்தாள்.

"தம்பி, ஊர்ல கீற எம் பொண்ணு இஷ்ரத்துக்கு எட்டாவது மாசம். குழலிகிட்ட கேட்டேன், ஒன்னிய எழுப்பிக்கச் சொல்லிச்சு. இத்த மட்டும் வயித்துல கட்டிக்கினா அளவு சரியா வந்துடுமாம்."

தலையணை தலைக்கு வைப்பதற்கு என்றுதான் வல்லரசு அதுவரை நம்பிக்கொண்டிருந்தான்.