வாசலில் ஆள் இருக்கிறது

‘8080 என்ற வாசலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது’ என்றது கணினியின் கருப்புத் திரை. மணி ஏழு ஐம்பது.

எட்டு மணிக்குக் காக்குப்பே மாதா திருவிழாப் பேருந்துகளின் முன்பதிவு இணையத்தில் திறக்க வேண்டும். பழைய ஆள் ஒஸ்வால்தோ, முன்பதிவுத் தளத்தை ஓட்டும் ஜாவா சர்வரை 8080 வாசலில் கிளப்பும் ஒற்றை வரிக் கட்டளையைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு புவனோஸ் ஐரஸ் போய்விட்டான். லிசாந்த்ரோ தனியாக வேலை பார்க்கும் முதல் நாள் இது.

“எட்டுக்குத் திறக்கலேன்னா, ஒன்பதுக்கு நீ உன் மச்சான் கடையில ‘சிபா’ங்கிற சீஸ் ரொட்டி விக்கப் போயிடலாம்,” என்று முதலாளி டொன் ஃபுளோரென்தீன் காலையிலேயே சொல்லியிருந்தார்.

சர்வர் கணினி இருப்பது முன்னறையில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில். லிசாந்த்ரோ உள்ளறையிலிருந்தே அதற்குக் கட்டளை அனுப்புவான். வாசலை மறிப்பவன் எவனாயிருந்தாலும் ஒழியட்டும் என்று, ஓடுகிற ஜாவாவையெல்லாம் கொல்லும் கட்டளையைத் தட்டினான். முன்னறையில் தொலைபேசி அலறத் தொடங்கியது. தளம் செத்துக் கிடக்கிறதாம்.

அவசரமாகச் சுவர்த்தாளைப் பார்த்து, எழுத்தெழுத்தாகத் தட்டினான். வாசலில் ஆள் இருக்கிறது.

மறுபடி கொன்றான். மறுபடி தட்டினான். மறுபடி ஆள். மூன்றாம் முறையும் அதே கதை. தளத்தைத் திறந்து பார்க்க அவனுக்குத் தோன்றவேயில்லை. கருப்புத் திரை சொன்னதுதான் அவனுக்கு வேதவாக்கு. இது பேயா, எவனாவது திருட்டுத்தனமாக உள்ளே புகுந்துவிட்டானா?

9090 வாசலில் கிளப்பிப் பார்த்தான். சர்வர் சமர்த்தாக எழுந்தது. ஆனால் பயணிகள் வருவதெல்லாம் 8080-க்குத்தான்; அந்த வாசலுக்கு ஓர் ஈ கூட வரவில்லை. அதை மட்டும் நிறுத்தினான்.

மணி எட்டே கால். விசைப்பலகையைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தான். ‘மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு’ என்று ராஜினாமாக் கடிதத்தைத் தொடங்கினான். இரண்டாம் பத்தியில் குடும்பச் சூழ்நிலையை விளக்கிக்கொண்டிருந்தபோது முதலாளியே வந்து நின்றார்.

“பதினோரு பஸ்ஸும் நிரம்பிடுச்சு. போன் கூட ஓஞ்சு போச்சு. கடைசி அரை மணி நேரமா என்னடா செஞ்சே?”

“ஒண்ணும் செய்யலீங்க.”

“அதான்டா திறமை,” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

லிசாந்த்ரோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடிதத்தைக் கசக்கிப் பைக்குள் திணித்தான். அலுவலகம் முழுக்கத் தெரெரே என்ற இலைப்பானத்தைச் சுற்றிக் கொடுக்கும் தெயோலிந்தா அக்கா, குளிர்ந்த குவளையோடு உள்ளே வந்தாள். அரைக்கிண்ணி இலை போட்டு, ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு முறை முன்னறைக்குப் போய் ஐஸ் தண்ணீர் ஊற்றி வருவது அவள் வழக்கம்.

அவன் உறிஞ்சி முடிக்கும்வரை நின்றவள், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“ஆறு வருஷமா தினம் காலையில மேல் அம்புக்குறி ஒரு தட்டு, பழைய வரி தானா வந்ததும் பெரிய பொத்தான் ஒரு தட்டுன்னு நான்தான் தம்பி இந்தச் சர்வரைக் கிளப்பி விடுறேன், இன்னைக்கு எந்தப் பாவியோ மூணு வாட்டி அணைச்சிட்டான், ஐஸ் எடுக்கப் போறப்பல்லாம் திரும்பத் திரும்பக் கிளப்பி விட்டேன்.”