கரூரா, காங்கேயமா?

கல்லைக் காட்டி 'எந்த ஊர்?' என்று கேட்டால், 'தெரியாது' என்று மட்டும் சொல்லக் கூடாது. நிலவியல் துறையில் இதை யாரும் எழுதிவைத்ததில்லை, மீறியதுமில்லை.

அத்துறையின் தற்காலிக விரிவுரையாளர் வேதசிரோமணி, சேலையூர் வீட்டுக் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் வாளியின் முன் குமுறிக்கொண்டு நின்றார். படிகக் கல்லின் பொந்துகளில் மெழுகுபோல் படியும் கால்செடனி என்ற கனிமம் ஊருக்கு ஊர் வேறுபடும். கண்ணால் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. பட்டம் வந்தால்தான் வேலை நிரந்தரம். அதைத் தீர்மானிக்கும் தேர்வாளர் சத்தியநாதன், கற்களைப் பார்க்க மாலை எலெக்ட்ரிக் டிரெயினில் வருகிறார். கற்களோ சோப்புத் தண்ணீரில் கிடந்தன. ஊர்ப்பெயர் எழுதி ஒட்டிய சீட்டுகள் மேலே மிதந்தன.

"யாரைக் கேட்டுக் கழுவினே?"

"பெரியவர் வர்றாரு, அழுக்கோடவா காட்டுவீங்க?" என்றாள் மனைவி அமலராணி. "பார்த்தாலே ஊர் தெரியும்னுதானே என்னை முந்நூறு பக்கம் டைப் அடிக்க வெச்சீங்க? பாருங்க."

வேதசிரோமணி குனிந்து எடுத்துப் பார்த்தார். கரூர் என்று எடுத்த கல், காங்கேயம்போல் இருந்தது; திருப்பினால் இரண்டுமே இல்லை. பக்கத்துத் தெருவிலிருந்து சக விரிவுரையாளர் சவுரிமுத்துவை இழுத்துவந்தார். அவரும் துறைக்காரர், தெரியாது என்பாரா? மளமளவென்று பிரித்து அடுக்கி, வேதசிரோமணி நிச்சயமாக அறிந்திருந்த இரண்டொரு கற்களையும் கலந்துவிட்டு, காபி குடித்துப் போனார்.

வேதசிரோமணி பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டுகளை ஒட்டினார். கல் ஒன்று எங்கே உருண்டதோ, கரூர்ச் சீட்டு ஒன்று மிஞ்சியது. பெரிய காங்கேயம் ஒன்றைச் சுத்தியலால் பிளந்து, பாதியைக் கரூராக்கினார். ஓர் ஆய்வாளனை இந்த நிலைக்குத் தள்ளிய வாளியை எட்டி உதைத்தார்.

மாலையில் வந்த சத்தியநாதன் நேராகக் கற்களிடம் போனார். கண்ணால் ஊர் அறியும் முறையைப் புத்தகமாக எழுதித் துறைக்கே கற்பித்தவர் அவர். ஒரு கையில் கரூரையும் மறு கையில் காங்கேயத்தையும் எடுத்து முகர்ந்தார். சோப்பு மணந்தது. இரண்டையும் மெல்லச் சேர்த்துவைத்தார். உடைந்த இடம் வரிக்கு வரி பொருந்தியது.

நேரம் தெரியாமல் காபித் தட்டோடு வந்த அமலராணி, "இது எந்த ஊர்க் கல்லு சார்?" என்றாள்.

சத்தியநாதன் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியாதும்மா. எங்க வீட்லயும் ஒரு தடவை இப்படித்தான் கழுவிட்டாங்க. அதுக்கப்புறம் அடுக்கின வரிசையை வெச்சுத்தான் நான் அந்தப் புஸ்தகத்தையே எழுதினேன்."