யப்பான் அண்ணையின் அறுபது சென்ரிமீற்றர்

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தெற்கிலிருந்து தப்பி வந்தவர்களில், யாழ்ப்பாணத்து நாரந்தனை வெய்யிலுக்கு இரண்டு மூட்டை கம்பளி நூலோடு வந்து இறங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். மற்றவர்கள் நகை கொண்டுவந்தார்கள், காணி உறுதி கொண்டுவந்தார்கள், ஒன்றுக்கும் நேரம் கிடைக்காதவர்கள் உடுத்த சாரத்தோடு வந்தார்கள். இவர் பண்டாரவளையில் தன்னுடைய கடை எரியத் தொடங்கியபோது உள்ளே ஓடி, இந்த மூட்டைகளையும் ஒரு புத்தகத்தையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாராம். அகதிக் கப்பலில் மூட்டைகளின்மேல் படுத்து வந்தபடியால், அந்தக் கப்பலில் ஒழுங்காக நித்திரை கொண்டவரும் அவர்தான்.

புத்தகம் யப்பான் புத்தகம். மலைநாட்டுக்கு வேலையாக வந்த ஒரு யப்பான் எஞ்சினியரின் மனைவி, அவருடைய கடையில் நூல் வாங்குகிறவர், ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. முழுக்க முழுக்கக் குழந்தைப்பிள்ளை உடுப்புகள். எங்கள் ஆளுக்கு யப்பான் பாஷையில் ஓர் எழுத்தும் தெரியாது.

“எழுத்து என்னத்துக்கு ஐசே? கட்டம் கட்டமாக் கீறி விட்டிருக்கிறான். புள்ளடி போட்ட இடத்திலை மறிச்சுப் பின்னு, வெறும் கட்டத்திலை நேரை பின்னு. இதுக்கு மேலை அவனோடை எனக்கு என்ன கதை?”

யப்பான் அண்ணை என்று பெயர் வைத்தவன் நான்தான். அப்போது பக்கத்துக் கரம்பொனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித வாத்தியார். ஊரில் யாருக்கும் பட்டம் வைப்பதில் எனக்கு இருந்த திறமையில் கால்வாசி கணிதத்தில் இருந்திருந்தால் என் மாணவர்கள் இன்றைக்கு எங்கேயோ இருந்திருப்பார்கள்.

அவரைப் பின்னுகிற கோலத்தில் பார்க்கவேண்டும். வேப்பமரத்துக்குக் கீழே சாய்மனைக் கதிரை. மேலுக்கு ஒன்றுமில்லை. கட்டைமீசை, நெற்றி நிறையத் திருநீறு, மடியில் ரோசா நிறக் கம்பளி. வேர்வை மூக்கு நுனியால் சொட்டி ஊசியில் விழும். ஆடெல்லாம் நிழல் தேடி ஓடுகிற மத்தியானத்தில், மனுசன் பனிக்காலத்துக்குத் தொப்பி பின்னிக்கொண்டிருப்பார்.

ஊரில் ஒரு பிள்ளை பிறந்தால், முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவுக்கு எல்லாரும் சவர்க்காரமும் பவுடரும் கொண்டு போவார்கள். இவர் சுவெற்றர் கொண்டு போவார். இவருடைய சைக்கிள் மணி ஒழுங்கையில் கேட்டால் தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் பூந்துவிடுவார்கள். என் அக்காவுக்கு ஓடி ஒளிக்க நேரம் கிடைக்கவில்லை. அவர் தன் கையாலேயே பிள்ளைக்குப் போட்டுவிட்டார்.

“ஐயோ, பிள்ளையைக் காணேல்லை!” என்றாள் அக்கா.

“உள்ளுக்கைதான் இருக்கு பிள்ளை. கீழ்ப்பக்கத்தாலை பாரும்,” என்றார் யப்பான் அண்ணை.

அவர் பின்னுவது எல்லாமே இப்படித்தான். பின்னல் கடையில் வாங்கியது போல அச்சொட்டாக இருக்கும். அளவு மட்டும், பிறந்த பிள்ளைக்கென்று பின்னினால் நடந்து திரிகிற பிள்ளைக்குப் போடலாம். நான் ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

“அண்ணை, உந்தச் சட்டைக்குள்ளை ரெண்டு பிள்ளை குடியிருக்கலாம்.”

“படத்திலை போட்டிருக்கிறான் ஐசே, அறுபது சென்ரிமீற்றர். நெஞ்சுச் சுத்தளவு. ஒரு நூல் கூடக் குறைய இல்லாமல் அளந்துதான் பின்னுறன். யப்பானிலை பிள்ளையள் பிறக்கேக்கை பெரிசு.”

“யப்பான்காரர் கட்டை ஆக்கள் எல்லோ?”

“பேந்து, வளர வளரத்தான் கட்டையாகிறது.”

அக்கா அந்தச் சுவெற்றரை வெங்காயத் தோட்டத்தில் காகம் துரத்த நட்ட வெருளிக்குப் போட்டுவிட்டாள். அவர் அந்த வழியால் போகையில் சைக்கிளை நிறுத்தி, வேலியால் கையை விட்டுக் கையோரத்தை இழுத்துப் பார்த்தார். கோபித்துக்கொள்ளப்போகிறார் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். “ரெண்டு மழைக்கும் ஒரு பின்னல் கண் அவிழேல்லை, பாத்தீரே?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் எண்பத்து ஏழு வரையில் பகிடியாகத்தான் இருந்தது. அந்த வருடம் கனடாவிலிருந்து யாரோ எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி வந்தது: யப்பான் அண்ணையின் மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது.

அவருக்கு ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. அங்கே போய்த் தன் விருப்பத்துக்குக் கலியாணம் செய்துவிட்டாள் என்று மனுசன் மூன்று வருடமாக அவளோடு பேச்சில்லை. அவள் எழுதிய கடிதங்களை உடைக்காமலே அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினார். பிறகு அவளும் எழுதுவதை விட்டுவிட்டாள்.

செய்தி வந்த அன்றே மஞ்சள் நூலை எடுத்தார். ஆணென்றாலும் பெண்ணென்றாலும் மஞ்சள் போடலாமாம். ஆறு கிழமை ஒரு செத்தவீட்டுக்கும் போகவில்லை. பிழைத்தால் அவிழ்ப்பார், திரும்பப் பின்னுவார்.

“ஒரு கடிதமும் வையுங்கோவன் அண்ணை,” என்றேன்.

“கடிதமெல்லாம் என்னாலை ஏலாது. இது போய்ப் பிள்ளைக்கு அளவாயிருந்தா, அவளுக்கு விளங்கும்.”

எனக்கு அதிலும் பகிடிதான் தெரிந்தது. சலூனில் இருக்கிற பெடியளுக்குக் காட்டிச் சிரிக்கலாம் என்று, “அண்ணை, அந்தப் புத்தகத்தை ஒருக்காத் தாங்கோ, படம் பாக்க” என்று வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் புத்தகம் முடிகிற பக்கத்தில் யப்பான் புத்தகம் தொடங்கும். அவர் எங்கள் வழக்கப்படியே திறந்து நாலு வருடம் பின்னியிருக்கிறார். ஆக, கடைசி என்று அவர் விட்ட இடம்தான் உண்மையில் முதல். அங்கே இரண்டு தாள்கள் கப்பல் ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தன. சும்மா இருக்க முடியாத கை, தேத்தண்ணிக் கேத்தலின் ஆவியில் பிடித்து மெல்லப் பிரித்தேன்.

உள்ளே ஒரு படம். ஒரு பிள்ளை நிமிர்ந்து படுத்திருக்கிறது. உச்சந்தலையிலிருந்து குதிக்கால்வரை ஒரு அம்புக்குறி. பக்கத்தில்: 60.

நெஞ்சுச் சுற்றளவு அல்ல. பிள்ளையின் நீளம்.

நாலு வருடம் சிரித்த நான், ஒரு கணித வாத்தியார், அந்த அறுபது எதனுடைய அறுபது என்று ஒரு தடவை யோசிக்கவில்லை.

சொல்லிவிடுவது என்று காலையிலேயே ஓடினேன். சுவெற்றர் மடித்து மேசையில் இருந்தது. பார்சலை வெள்ளைத்துணியால் பொதிந்து தைப்பதற்கு ஊசியும் கையுமாக இருந்தார். கனடாவுக்கு வெளிக்கிட்ட ஒரு பெடியன் அன்றைக்குக் கொழும்புக்குப் பயணம், அவனிடம் கொடுத்துவிட வேண்டும். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். ஒருநாளும் இல்லாதபடி குரல் இறங்கியிருந்தது.

“வாத்தியார், நீர் உண்மையைச் சொல்லும். அளவு சரியா வருமோ?”

இந்த வாயால் எத்தனை பேருக்குப் பட்டம் வைத்திருப்பேன்! அது அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான்: “அச்சொட்டு அண்ணை.”

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் களவெடுத்தவன் போல வீட்டுக்கு வந்தேன்.

அன்றோடு யப்பான் அண்ணை பின்னுவதை விட்டுவிட்டார். ஊர்த் தாய்மார் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். நூல் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். தபால்காரர் வரும் நேரத்தில் மட்டும் படலையடியில் நிற்பார். நான் அந்த ஒழுங்கையை விட்டுச் சுற்றுப்பாதையால் பள்ளிக்கூடம் போகப் பழகினேன்.

பார்சல் கொண்டுபோன பெடியன் கொழும்பு லொட்ஜில் ஏழு மாதம் கிடந்தான். பிறகு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவனை மொஸ்கோவில் கொண்டுபோய் விட்டுவிட்டு நழுவிவிட்டான். அங்கே ஒரு பனிக்காலம் முழுக்க அந்தப் பெடியன் பார்சலைப் பிரித்து, சுவெற்றரைத் தலையில் கட்டிக்கொண்டு திரிந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். அவன் கனடா போய்ச் சேர்ந்தபோது ஒன்றே முக்கால் வருடம் ஓடியிருந்தது.

மகளின் கடிதம் வந்த அன்று அவரே அதைக் கையில் கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே ஒரு படம். மஞ்சள் சுவெற்றர் போட்ட பேரன், பனிக்குள் தன் காலில் நிற்கிறான். தோள் தோளில், கை மணிக்கட்டில், அச்சொட்டு. “அப்பா, எப்பிடி அளவு தெரிஞ்சது?” என்று அவள் எழுதியிருந்தாள்.

“பாத்தீரே? யப்பான்காரன்ரை அளவு பிழைக்காது!”

“ஓம் அண்ணை. பிழைக்காது,” என்றேன். சிரிக்க வாய் வந்தது, கண் விடவில்லை.

மற்ற நாளே வேப்பமரத்துக்குக் கீழே கதிரை வந்துவிட்டது. அடுத்த மாதம் எங்களுக்கு மூத்தவள் பிறந்தாள். முப்பத்தொராம் நாள் சைக்கிள் மணி கேட்டது. என் மனைவி குசினிப்பக்கம் பார்த்தாள். நான் “இரும்” என்றேன்.

நீலச் சுவெற்றர். தன் கையாலேயே போட்டுவிட்டார். தலை வெளியே தெரிந்தது, இரண்டு கையும் தெரிந்தன. பிள்ளைக்கென்றே அச்சில் வார்த்தது போல இருந்தது. நான் வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தேன். அவர் பிள்ளையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னார்:

“அந்த ஒட்டின தாளை நீர் இன்னும் கொஞ்சம் பக்குவமாப் பிரிச்சிருக்கலாம் ஐசே. மூலை கிழிஞ்சு போச்சு.”

அன்றைக்கு நல்ல சித்திரை வெய்யில். பிள்ளைக்கு வேர்த்து வழிந்தது, மனைவி கண்ணால் என்னைச் சுட்டாள். ஆனால் அவருடைய சைக்கிள் ஒழுங்கை முடக்கில் மறைந்து கனநேரமாகியும், அதைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.