மூன்று லென்ஸும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும்

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு, அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். வலது தோள்பட்டை மட்டும் நலமில்லை; நீங்கள் அனுப்பிய மூன்று கேமரா லென்ஸ்களில் மூத்தவரைத் தூக்கியதால் வந்த வினை. சித்தியின் முழங்கால் வலி குறைந்ததா என்று அப்பா கேட்கச் சொன்னார்.

“மூன்றும் ஐம்பது எம்.எம்.தான், ஆளுக்கொரு குணம். ஒன்றை வைத்துக்கொண்டு, எது எப்படி என்று எழுதி மற்ற இரண்டையும் அனுப்பு, கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல உதவும்” என்று எழுதியிருந்தீர்கள். பூவையும் செங்கல் சுவரையும் எடுத்து ஒப்பிட எனக்கு நேரம் ஏது? நான் பில் போடும் சலவைக் கூடத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரி விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து வெளுத்து மடிந்து போகும் இடம். என்னிடம் கேமரா இருப்பது தெரிந்த நாள் முதல் எங்கள் மேனேஜருக்கு நான் இலவச போட்டோகிராபர். வரவேற்பறைச் சுவர் முழுக்க அவர் படம் வேண்டுமாம். “நான் தொழிலாளிங்களோட நிக்கணும்மா. ஆனா தொழிலாளிங்க தெரியக் கூடாது. அந்த ஃபேன் தெரியவே கூடாது” என்றார்.

அந்த ஃபேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இஸ்திரி அறைக்கு வெளிக்காற்றுக்கென்று இருப்பது அது ஒன்றுதான். மூன்று இறக்கையில் ஒன்று மிச்சம், அதிலும் பஞ்சுத் தூசி தாடி மாதிரி தொங்குகிறது. ஓடி வெகுகாலம் ஆயிற்று. இந்தக் கோடையில் அதற்குக் கீழே இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். மேனேஜர் குளுக்கோஸ் பாக்கெட் கொடுத்தார். அறை வேறு குறுகல், ஆளை எங்கே நிறுத்தினாலும் முதுகுக்குப் பின்னால் ஃபேன். ஆளைத் தள்ளி நிறுத்திப் பின்னணியை மங்க வைக்க வழியே இல்லை, லென்ஸ்தான் கரைக்க வேண்டும்.

கடைக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: லென்ஸின் எண் குறையக் குறையத் துளை பெரிது, பின்னணி அதிகம் கரையும். முதலில் சின்னவன், ஒன்று புள்ளி எட்டு. பிளாஸ்டிக் உடம்பு, பன் ரொட்டி கனம். முழுதாகத் திறந்தாலே நடுவில் நல்ல கூர்மை, ஓரங்களில் கொஞ்சம் சோம்பல். இரண்டு புள்ளி எட்டுக்கு மூடினால் இஸ்திரி போடும் அக்காவின் நெற்றி வியர்வை தனித்தனித் துளியாக நிற்கிறது. அவன் விலைக்கு அவனிடம் குறை சொல்கிறவன் வாய் அழுகும். ஆனால் மங்கிய பின்னும் ஃபேன் ஃபேனாகவே இருந்தது, விளிம்புகள் மட்டும் குளிரில் நடுங்குவது போல இரட்டை இரட்டையாக.

அடுத்து நடுவிலவர், ஒன்று புள்ளி நான்கு. முழுதாகத் திறந்தால் படத்தின் மேல் மெல்லிய துணி போர்த்திய மாதிரி ஒரு மூட்டம். இரண்டுக்கு மூடியதும் மூட்டம் விலகி, கண்ணிமை ரோமத்தை எண்ணலாம் போல ஆனது. பின்னணியும் பதமாக மங்குகிறது, ஃபேன் ஒரு கரிபிடித்த நிலா ஆகிவிட்டது. இவரைத்தான் வைத்துக்கொள்வது என்று அப்போதே முடிவு செய்தேன். மேனேஜரோ, “வட்டமா ஏதோ தெரியுதே, இன்னும் கரைக்க முடியாதா?” என்றார்.

சரி என்று மூத்தவரை மாட்டினேன், ஒன்று புள்ளி இரண்டு. சித்தப்பா, என்ன கண்ணாடி அது! கிணற்றை எட்டிப் பார்ப்பது போல இருக்கிறது. பல்புகள் ஆரஞ்சுப் பழங்களாக மிதக்கின்றன. சுவரின் பூஞ்சை, பஞ்சுத் தாடி, ஒழுகும் கூரை எல்லாம் வெண்ணெயாக உருகிவிட்டன. அந்த அறையை வெறுக்கிற நானே ஒரு நிமிடம் சொர்க்கம் என்று நம்பினேன். அவ்வளவு அழகான பொய்யை நான் பார்த்ததில்லை. கூர்மை மட்டும் நூல் அகலம்தான். இமை தெளிவாக இருந்தால் மூக்கு போய்விடுகிறது. இஸ்திரி அக்கா தன் படத்தைப் பார்த்துவிட்டு, “ஏய் பொண்ணு, என் மூக்கைக் காணோமே? அதையும் சம்பளத்துல பிடிச்சுட்டாங்களா?” என்றாள்.

மூத்தவருக்கு ஒரு நோயும் உண்டு. ஆட்டோ ஃபோகஸ் சில நேரம் முகத்தில் நிற்காமல் பின்னால் ஓடிவிடுகிறது. மேனேஜரை எடுத்த படங்களில் ஒன்றில் அப்படித்தான் ஆனது. அழிக்கப் போனேன், அதற்குள் கேமராவைப் பிடுங்கிக்கொண்டார். கேமராவின் குட்டித் திரையில் பார்த்து, “அட, சுருக்கமே இல்ல! பத்து வயசு குறைஞ்சிருக்கு பாரு!”

“சார், அது ஃபோகஸ்...”

“அதேதான்! இத்தனை வருஷத்துல ஒருத்தரும் என்னை ஃபோகஸ் பண்ணினதில்ல.”

தன் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல் அவரே அச்சுக்கு அனுப்பி, சுவர் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டிவிட்டார். ஒப்பந்தம் பேச ஆஸ்பத்திரியின் கொள்முதல் அம்மா வந்தபோது நானும் அக்காவும் விரிப்பு வண்டியோடு வாசலில் நின்றிருந்தோம். அந்த அம்மா வெகுநேரம் படத்தைப் பார்த்தாள்.

“தூசி நூல் நூலா தெரியுது. முன்னாடி நிக்கற புகை யாரு?”

“நான்தாங்க.”

“ஓ. அந்த ஃபேன் ஓடுதா?”

“ஓடும்.”

“ஓடுதான்னு கேட்டேன். எங்க விரிப்பெல்லாம் அந்த அழுக்குக்குக் கீழதான் மடியுதா?”

மறுநாள் புது ஃபேன் வந்தது. இரண்டு பெண்கள் விழுந்தபோது வராத ஃபேன், விரிப்பில் தூசி விழும் என்றதும் ஓடி வந்தது. எரிச்சல்தான். ஆனால் அக்கா இன்று மதியம் மூச்சு வாங்காமல் ஒரு பாட்டு முழுதாகப் பாடினாள்.

மேனேஜர் மட்டும் என்னைக் கூப்பிட்டு, “அந்தக் கோளாறு லென்ஸ் இங்க இருந்தா நீ இங்க இருக்க மாட்டே” என்று சொல்லிவிட்டார். ஆகவே நடுவிலவரை வைத்துக்கொண்டு சின்னவனையும் மூத்தவரையும் அனுப்புகிறேன். மூத்தவரின் ஓட்டத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் விற்க வேண்டும், வாங்குகிறவர் பாவம்.

சித்திக்கு வணக்கம், சின்னவர்களுக்கு முத்தம், கடையில் வியாபாரம் பெருகட்டும்.

தங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: பார்சலைக் கட்டி முடித்தபோது மேனேஜர் வந்து, பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டும், இந்த முறை பாய்லர் பக்கம் நிற்கிறேன் என்றார். அங்கே கந்தல் சுற்றிய நீராவிக் குழாய் இருக்கிறது, அக்காவின் காலில் தழும்பு போட்டது. அவர் போனதும் அக்கா கத்திரியை எடுத்து வந்து, “பார்சலைப் பிரி. என் மூக்கு போனா போகட்டும்” என்றாள். ஆகவே உங்களுக்கு வருவது சின்னவனும் நடுவிலவரும். மூத்தவர் இங்கேயே இருக்கிறார். மேனேஜருக்கு மூன்றும் ஒரே கண்ணாடிதான், அடையாளம் தெரியாது. அவர் போன் செய்தால் கோளாறு லென்ஸ் அங்கே வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிடுங்கள். தயவுசெய்து மூத்தவரைச் சரிசெய்யத் திருப்பி மட்டும் கேட்காதீர்கள். குழாய்க்குப் பிறகு உடைந்த கழிவறைக் கதவு இருக்கிறது.