பேசாத படத்துக்கு நான் பேசியது

"தெரியாது" என்ற சொல் என் வாயில் வந்ததே இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நியூசிலாந்தின் மனுரேவாவில் சொந்தமாக மூன்று லொறி ஓடவிட்டேன் என்றால் அது இந்த வாயால்தான். (மானம் போனதும் இதனால்தான்.)

தொண்ணூறுகளில் மகளுக்கு லின்ஃபீல்டில் ஒரு சம்பந்தம் பேசினோம். மகளுக்கு மாப்பிள்ளையை நன்றாகப் பிடித்துவிட்டது. அவருடைய தகப்பன் ஊரில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். சம்பந்தத்தை முற்றாக்க முன் பழகிப் பார்ப்போம் என்று, ஒரு ஞாயிறு பின்னேரம் லைப்ரரி மண்டபத்தில் ஊமைப் படம் பார்க்க எங்களைக் கூப்பிட்டார். ஏதோ பெரிய இங்கிலீஷ் நாவலை அந்தக் காலத்திலேயே படமாக எடுத்தார்களாம்.

"நாவல் வாசிச்சிருக்கிறியளோ, அண்ணை?"

"ரெண்டு தரம்," என்றேன். மனைவி என் காலை மிதித்தாள்.

படத்தில் பேச்சே இல்லை. இடைக்கிடை எழுத்து வந்தது, அதுவும் இங்கிலீஷில். எனக்குப் பக்கத்தில் வாத்தியாரின் மனைவி. அவவுக்கும் இங்கிலீஷ் வராது. (அந்த "அவவுக்கும்" என்பதில் உள்ள "உம்"மை நான் வெளியே விடவில்லை.)

திரையில் கதாநாயகி ஒரு கடிதத்தை வாசித்து மயங்கி விழுந்தாள்.

"என்ன அண்ணை போட்டிருக்கு?"

"புருசனுக்கு விசா கிடைச்சிட்டுது. சந்தோசத்தில விழுந்திட்டா."

அடுத்த காட்சியில் எல்லாரும் கறுப்பு உடுப்பு. "வழியனுப்ப வெளிக்கிடினம்," என்றேன்.

"அந்தப் பெட்டி?"

"பயணப் பெட்டி."

"ஆறு பேர் தூக்கினமே?"

"சாமான் கூடிப்போச்சு."

"கிடங்கு வெட்டி அதுக்குள்ள இறக்கினம், அண்ணை."

"கப்பலின்ர அடித்தட்டு."

பின்வரிசையிலிருந்த தமிழ்நாட்டுக்காரர் குனிந்தார். "சார், மேல மண்ணு வேற போடுறாங்க."

லைட் போட்டதும் வாத்தியார் எழும்பி நின்றார். "அண்ணை, அந்த நாவலை நான் இருபது வருசம் படிப்பிச்சனான்."

சம்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன். மகளின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

அவர் மனைவிதான் வாய் திறந்தா. "சும்மா இருங்கோப்பா. நீங்கள் சொல்லுற கதையளில எல்லாரும் சாகினம். அண்ணையின்ர கதைதான் நல்லம். பெட்டையை எடுப்பம், எங்கட வீட்டிலயும் கொஞ்சம் சிரிப்பு வரட்டும்."

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் செத்துப்போவதில்லை. விசாதான் கிடைக்கிறது. போன மாதம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வாத்தியார் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார்.

"என்ன சம்பந்தி, விசா வந்திட்டுதோ?"

"இல்லை," என்றேன். "ஃபோமைப் பிழையா நிரப்பிப்போட்டனாம். திருப்பி அனுப்பிட்டாங்கள்."