பட்டினி எலியும் அம்மாவின் கொழுக்கட்டையும்

எங்கள் ஊரில் மூளை என்பது, அது இல்லை என்று அடுத்தவரைத் திட்டுவதற்காகவே இருக்கும் உறுப்பு. அதை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறேன் என்று தொண்ணூறுகளில் நான் சொன்னபோது திருநெல்வேலி டவுனில் எங்கள் தெருவே கவலைப்பட்டது. பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று அம்மாவிடமே கேட்டார்கள்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையம். விலங்கியல் எம்.எஸ்ஸி. இருந்தால் விண்ணப்பிக்கலாம். சேர்ந்தால் முதல் வருடம் மூளையின் அமைப்பு, நரம்புகளில் ஓடும் மின்சாரம், புள்ளியியல் என்று வகுப்புகள். தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். (புள்ளியியல் என்று விளம்பரத்தில் படித்ததுமே எனக்குக் காய்ச்சல் வந்தது.) இதெல்லாம் போக, நேர்முகத் தேர்வில் எலியைக் கையில் பிடித்துக் காட்ட வேண்டும். விலங்குகளைக் கையாண்ட அனுபவம் உண்டா என்ற கேள்விக்கு 'நிறைய' என்று எழுதியிருந்தேன். நான் கையாண்டதெல்லாம் செத்த தவளைகள். இடம் கிடைக்காவிட்டால் தை மாதம் எனக்குக் கல்யாணம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். மாப்பிள்ளை யார் என்பதுதான் முடிவாகவில்லை.

அம்மா மட்டும் என் கட்சி. நேர்முகத் தேர்வன்று துணைக்கு வந்தவள், வழியில் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை படைத்துவிட்டு, மிச்சத்தைத் தூக்குவாளியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தாள்.

உள்ளே, கீழ்த் தட்டுக் கூண்டிலிருந்து ஓர் எலியை எடுக்கச் சொன்னார் பேராசிரியர். கீழே இருந்தவை எல்லாம் பயில்வான்கள். மேல் தட்டில் ஒன்று ஒல்லியாய், சாதுவாய் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை என்ற தைரியத்தில் அதை எடுத்தேன். அது என் சேலையைப் பற்றித் தோள்வரை ஏறி, அங்கிருந்து குதித்து, கதவிடுக்கு வழியாக வராந்தாவுக்கு ஓடியது. நான் போட்ட கூச்சல் ஆற்றுப் பாலம் வரை கேட்டிருக்கும்.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது எலி அம்மாவின் முன்னால் உட்கார்ந்து கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தது. அம்மா பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஓடிவந்த ஆராய்ச்சி மாணவர் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏரல் என்ற ஊர்க்காரர். பசித்த எலி எப்படி வழி கற்றுக்கொள்கிறது என்று பார்ப்பதற்காக, மாதக்கணக்கில் அளந்து அளந்து தீனி போட்டு அவர் வைத்திருந்த எலியாம் அது.

"அம்மா, அது பட்டினி கிடக்கணும்" என்றார் பரிதாபமாக.

"பிள்ளையார் வாகனத்தப் பட்டினி போட்டா படிப்பு வருமா தம்பி? பைய திங்கட்டும். யாரும் பிடிக்காதீய."

பேராசிரியர் சிரிக்கவில்லை. இப்போது இந்த எலியை என்ன செய்வாய் என்று என்னைக் கேட்டார். எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். இதை ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும், ஏன் நீக்கினோம் என்பதையும் எழுத வேண்டும், காரணம் என்ற இடத்தில் என் பெயரையே போடலாம் என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார்.

இடம் கிடைத்தது. முதலில் எலி பிடிக்கப் பழக வேண்டும் என்று நிபந்தனை. பழக்கும் வேலையை ஏரல்காரர் தலையில் கட்டினார்கள். சில மாதம் சிடுசிடுத்தார். அப்புறம் புள்ளியியலையும் அவரே சொல்லிக்கொடுத்தார். தேறிவிட்டேன். அப்பாவுக்கு மாப்பிள்ளை தேடும் வேலையும் மிச்சமாயிற்று.

இன்றும் அம்மா பரிமாற வந்தால் ஏரல்காரர் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, "போதும் அத்தை, என் ஆராய்ச்சியக் கெடுத்த கையாக்கும் இது" என்பார். அம்மா அசருவதில்லை.

"அந்த எலி ஒண்ணு தின்னுட்டுப் பேசாம போச்சு மாப்ள. நீங்கதான் பொண்ணையும் கொண்டு போயிட்டீய."