அறுப்பு பண்டிகைக்கு அன்னாசி எடுத்துகினு போனேன்

உக்காருங்க, உக்காருங்க. ஏய், அந்தாண்ட கெக்கபிக்கன்னு சிரிக்கிறவங்களே, வாய மூடுங்க. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

ஞாயித்துக்கெழம எனக்கு ஒரே ஒரு வேல. மாடில வளந்த அன்னாசிய அறுத்து சர்ச்சுல குடுக்கணும். அவ்ளோதான்.

அன்னிக்கு அறுப்பு பண்டிக. வூட்ல வெளஞ்சத அவங்கவங்க கொண்டாந்து வெப்பாங்க, ஆராதன முடிஞ்சதும் ஏலம் வுடுவாங்க. வருஷா வருஷம் சாந்தியக்கா கோழிதான் மொதல் எடம். நாங்க பட்டு நெய்யிறவங்க. எங்க வூட்ல தறிய தவுர இன்னா இருக்கு?

இந்த வாட்டி அந்த கோழிய ஜெயிக்காம வுட மாட்டேன்னு தெருவெல்லாம் சவால் வுட்டுட்டேன்!

வளத்தது நான் இல்லீங்க. எங்க வூட்டுக்காரரு. எப்பவோ வாங்கின பழத்தோட கொண்டைய திருகி, அடி எலைய உரிச்சி, காயவெச்சி, பெயிண்ட் பக்கெட்டுல நட்டாரு. ரெண்டு வருஷத்துக்கு மேல தண்ணி ஊத்தினாரு. மனுஷன் வாயே தொறக்க மாட்டாரு. அவருக்கும் சேத்து நான் பேசிடறேன்ல.

காலைல மாடிக்கு போனா, பழம் கீழ மஞ்சளு, மேல பச்ச. அடிய மோந்து பாத்தேன். பக்கெட்டு வாசனதான் வந்துது.

அன்னாசிய அறுத்துட்டா அப்பால பழுக்காதாம். இப்ப இன்னா பண்றது? போன் வீடியோல ஒருத்தன் கைய ஆட்டிகினு சொன்னான்: "கொண்டைல நடு எலைய இழுங்க பிரண்ட்ஸ்! சுளுவா வந்தா பழம்!"

இழுத்தேன். வந்துச்சு. அறுத்துட்டேன்.

சர்ச் வாசல்ல சாந்தியக்கா கோழிய கக்கத்துல இடுக்கிகினு நிக்குது. மூக்காலயே பேசும்.

"இன்னாடி எஸ்தரு, காயி மாரி கீது?"

எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. "காயா? எலைய இழுத்து பாருக்கா!"

இழுத்துச்சு. வரல. கோழிய என் கைல குடுத்துட்டு, ரெண்டு கையால புடிச்சி இழுத்துச்சு. வந்துச்சு.

"பாத்தியா? முக்கி இழுத்தாதான் வருது. காயி!"

"அது உன் கை ராசிக்கா!"

உள்ள போயும் சண்ட ஓயல. பாஸ்டர் ஐயரு நல்ல கனிய பத்தி பிரசங்கம் பண்ணிகினு இருக்காரு. கீழ பெஞ்சுல அன்னாசி மடி மடியா போவுது. ஆளுக்கு ஒரு எல.

தையக்கார மேரியம்மா: "பழம்தான்."

பக்கத்துல அவங்க மருமவ: "காயி." மாமியா சொன்னா மருமவ ஒத்துக்குமா?

டீச்சரம்மா கண்ணாடிய ஏத்தி வுட்டுகினு: "ஒரே இலையை வைத்து முடிவு பண்ணக் கூடாதும்மா. மூணு சாம்பிள் எடுக்கணும்." மூணு பிச்சிட்டாங்க!

ஒரு கைக்கொழந்த கூட இழுத்துச்சு. அதுக்கு வந்துச்சு. "பழம்! பழம்!"னு நான் கத்திட்டேன். ஐயரு கண்ணாடிக்கு மேல பாத்தாரு.

அப்பால ஆம்பளைங்க பக்கம் போச்சு. அங்க எல்லாம் தறி அடிக்கிற கை. அந்த இழுப்ப சொல்லணுமா?

ஏலம் ஆரம்பிச்சுது. கோழிக்கு அடிச்சிகினு கேட்டாங்க. சாந்தியக்கா மூக்கு சீலிங்க தொட்டுச்சு.

அடுத்தது நம்முளுது. ஏலம் வுடற செயலாளர் தூக்கி, திருப்பி திருப்பி பாத்தாரு. "சகோதரி, இது இன்னாது? பலாப் பிஞ்சா?"

ஓடிப்போய் மைக்க புடுங்கினேன். "அன்னாசிங்க! வூட்ல வளந்தது! துன்னுட்டு கொண்டைய நட்டீங்கன்னா உங்க மாடிலயும் காய்க்கும்!"

"கொண்ட எங்கம்மா?"

எலைய கைல வெச்சிருந்தவங்க எல்லாம் நைசா பைபிளுக்குள்ள சொருவிகினாங்க.

ஒருத்தரும் கேக்கல. கோழிகூட என்ன பாத்து கொக்கரிக்குது.

கடசில ஆம்பளைங்க பக்கம் ஒரே ஒரு கை ஒசந்துச்சு. எட்டி பாக்கறேன், எங்க வூட்டுக்காரரு! சொந்த பழத்த ஏலத்துல எடுத்து வூட்டுக்கே கொண்டு போன குடும்பம் ஆரணிலயே நாங்கதான்.

செயலாளருக்கு மனசு கேக்கல. "இவ்ளோ நாளா வளத்தவரு, ரெண்டு வார்த்த சொல்லுங்க பிரதர்"னு மைக்க நீட்டினாரு.

அவரு பழத்த ஒரு வாட்டி தடவி பாத்தாரு. என்ன ஒரு வாட்டி பாத்தாரு.

"மொட்ட அடிக்கத்தான்னு மொதல்லயே சொல்லியிருந்தா, திருப்பதிக்கு எடுத்துகினு போயிருப்பேன்."